வெட்டாமல் விட்ட முள்முருங்கை

நாலந்தாவுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் மிளகுத் தோட்டத்தில் முள்முருங்கை மரங்களுக்கு ஓய்வே கிடையாது. மிளகுக்கொடி படர்வது அதில்தான், ஆடு தின்பதும் அதன் இலையைத்தான். சிவப்பாகப் பூக்கும் நாட்களில் மைனாக்கள் வேறு வந்து குடியேறிவிடும். சளி பிடித்தால் உம்மா அந்த இலையை அரைத்து, அரிசிமாவில் குழைத்து ரொட்டி சுட்டுத் தருவார்.

கிணற்றடி மரம் மட்டும் சாச்சியுடையது. அதாவது, நானும் சாச்சியும் அப்படி வைத்துக்கொண்டிருந்தோம். வாப்பாவின் தம்பியைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமான சாச்சி, விடிந்ததும் என்னை அனுப்பி ஒரு பிடி கொழுந்து பறித்துவரச் சொல்வார்.

"சளிக்குத்தான் மகள். யாருக்கும் சொல்லிராதீங்க."

சளிக்கு எதற்கு ரகசியம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது வயதில் ஒரு ரகசியம் கையில் கிடைப்பதே பெரிய விஷயம்.

மழைக்கு முன், மிளகுக்கு வெளிச்சம் விழ மரங்களின் கொப்புகளை வெட்டிவிடுவது வழக்கம். அந்த வருஷம் வாப்பா ஒவ்வொரு மரமாக மொட்டையடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். ஏணியைச் சாத்திவிட்டுக் கத்தியைத் தீட்டக் குனிந்தார். அவ்வளவுதான், நான் ஏறிவிட்டேன்.

முள் குத்தியது, கவுன் கிழிந்தது. நான் கொப்பை விடவில்லை.

"இறங்குங்க புள்ள, விழுந்துருவீங்க."

"இறங்க மாட்டேன் வாப்பா. இத வெட்ட வாணாம்."

வேலைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பா கொஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் அவரே ஏணியில் கால் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரகசியத்தைப் போட்டு உடைத்தேன்.

"சாச்சிக்கு இந்த எல வேணும்! ஒவ்வொரு நாளும் வேணும்! சளிக்கு!"

அடுப்பு வேலையை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்ற சாச்சி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். வாப்பா அந்த வாசலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏணியிலிருந்து காலை எடுத்தார்.

"இந்த மரத்த விடுங்க. அடுத்ததுக்குப் போவம்."

நிழல் விழுந்து அந்த மரத்து மிளகு அந்த வருஷம் காய்க்கவேயில்லை. அப்படியிருந்தும் அடுத்த வருஷமும் வாப்பா அந்த மரத்தைத் தொடவில்லை.

அன்று மாலை என் கால் கீறல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிய சாச்சி தேம்பித் தேம்பி அழுதார். "எனக்கு நோகல்ல சாச்சி" என்று நான் தேற்றினேன்.

பிள்ளைக்காக ஏங்குகிறவர்களும் அந்த இலையை அரைத்துக் குடிப்பார்கள் என்பது தெரியவர, நானே கல்யாணம் முடிக்க வேண்டியிருந்தது. வாப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. நானோ, சாச்சியின் சளியை விரட்டியது நான்தான் என்று பல வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சாச்சி ஒரு நாளும் இருமியதில்லை என்பது எனக்கு உறைக்கவேயில்லை.