தயிர் சாதப் பூனைகள்

எதற்கெடுத்தாலும் ஒரு காரணம் சொல்வதில் என் பெரியப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவற்றில் ஒன்றாவது சரியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வலியசாலையில் எங்கள் கூட்டுக் குடும்பத்தையே ஆபீசாக்கிக்கொண்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்குப் புண்ணியத்தில் ஆசை வந்தது. ஞாயிறுதோறும் எங்களைச் சங்குமுகம் கடற்கரைக்கு இழுத்துப்போய், மீன் குடல் தின்று கொழுத்த பூனைகளுக்குத் தயிர் சாதம் வைப்பார். அவை மரியாதைக்கு நக்கிவிட்டு, பக்கத்திலேயே மணலைப் பிறாண்டிக் காரியத்தை முடித்துக்கொள்ளும். அதே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களுக்குத் தர்மம் போதிப்பார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பேன்.

அப்போது எனக்கு வரன் திகைந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நாகர்கோவிலில் பேங்க் வேலை. பெண் பார்க்க வந்த கும்பலில் என் முகத்தைப் பார்த்துப் பேசியது மாப்பிள்ளை மட்டும்தான். எனக்குப் பிடித்திருந்தது. நிச்சயதார்த்தம் நெருங்கும்போது என் பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு நெளிந்து நெளிந்து தினமும் நீண்டது. அரிப்பு உயிரை வாங்கியது.

பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சாட்சாத் நாகம்னா ஊர்ந்திருக்கு! சர்ப்ப தோஷம். மறைச்சுக் கல்யாணம் பண்ணினா மகா பாவம்."

அன்றைக்கே நாகர்கோவிலுக்கு ஃபோன் போட்டுத் தன் நேர்மையை நிலைநாட்டினார். அவர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். நான் அழுதேன், பரிகாரம் செய்தால் சரியாகும் என்றார்.

அரிப்பு தாங்காமல் நான் போய்ப் பார்த்த டாக்டரம்மா மலையாளி. என் காலைப் பார்த்துச் சிரித்தார். "சர்ப்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூனை வெளிக்குப் போற மணல்லேர்ந்து தொலிக்குள்ள கேறுற புழுவாணு இது."

மாத்திரையில் கோடு அழிந்தது.

"பூனைப் புழுவாம்! டாக்டர்களும் பிழைக்க வேண்டாமா?" என்றார் பெரியப்பா. தயிர் சாதம் தொடர்ந்தது.

தை பிறந்ததும் பெரியப்பா உட்காருவதை நிறுத்திவிட்டார். பேப்பர் படிப்பதும் சாப்பிடுவதும் நின்றுகொண்டேதான். யாருக்கும் தெரியாமல் அதே டாக்டரம்மாவிடம் போய் வந்ததைப் பெரியம்மாதான் போட்டுடைத்தாள். பின்பக்கம் முழுக்கக் கோடாம்.

எல்லோரும் கூடியிருந்தபோது கேட்டேன். "பெரியப்பா, உங்க மேல எத்தனை நாகம் ஊர்ந்தது?"

"அது உஷ்ணம்டீ. ஆம்பளைக்கு யார் தோஷம் பார்ப்பா?"

அந்த வாரமே, எனக்குப் பார்த்த அதே மாப்பிள்ளையின் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போய்விட்டு வந்தார். ரசத்தில் உப்புக் குறைச்சல் என்றார்.