குதிரை ஏறாத நீதிபதி

பள்ளி மாறுவேடப் போட்டிக்குச் சீட்டு எடுத்தபோது என் தோழிகளுக்கெல்லாம் ராணிகளும் விஞ்ஞானிகளும் வந்தார்கள். எனக்கு வந்தவர் ஒரு அமெரிக்கர். அந்த நாட்டின் விடுதலைக்குப் பாடுபட்டு, பிறகு அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. அதனாலேயே எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

அதே வாரம் மத்திய அரசு அலுவலகத்தில் இருந்த அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ஆனால் குவாஹாத்திக்குப் போக வேண்டும். அம்மாவுக்கோ இங்கே பள்ளியில் அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. அப்பா மட்டும் போவதாகப் பேச்சு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய அதிகாரியென்றால் ஜீப் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்கு ஒரே குஷி.

நீதிபதிக்கு வெள்ளைச் சுருள்முடி வேண்டும் என்று சினிமா பார்த்த அறிவில் முடிவு செய்தோம். அமெரிக்காவில் பெரும்பாலும் அந்த வழக்கமே இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நான் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிப் பெண்மணி, சிலை செய்பவர்கள் வாழும் குமார்துலிக்குப் போய், துர்கை சிலைகளுக்கு வைக்கும் சணல்முடியைச் சாயம் ஏற்றாமல் வாங்கி வந்தாள். அம்மா அதைச் சோற்றுக் கஞ்சியில் முக்கி, பென்சில்களில் சுற்றிக் காயவைத்தாள். வீடே கஞ்சி வாடை அடித்தது.

நூலகப் புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரே பக்கம். அக்காலத்து நீதிபதிகள் மாதக்கணக்கில் குதிரையேறி ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்க வேண்டுமாம். இவர் ஒருநாள் பதவியை விட்டுவிட்டுச் சொந்த மாநிலத்துக்கே திரும்பிவிட்டார். ஏன் என்று மட்டும் போடவில்லை. தினமும் எனக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் அப்பாதான். கணக்குக்கு நடுவில் அவரையே துளைத்தேன்.

"ஏம்ப்பா விட்டாரு?"

"அவரைத்தான் கேக்கணும். நீ பின்னத்தைப் போடு."

போட்டியன்று மேடையில் ஒப்பித்து முடித்ததும் வரலாற்று ஆசிரியை வங்காள மொழியில் கேட்டார்: "ஜட்ஜ் மோஷாய், அவ்வளவு பெரிய வேலையை ஏன் விட்டீர்கள்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வியர்வையில் இளகிய கஞ்சி கழுத்தில் வழிந்தது. வாய்க்கு வந்ததை வங்காள மொழியிலேயே சொன்னேன்: "நான் குதிரையில் போய்விட்டால் என் பெண்ணுக்கு யார் கணக்குச் சொல்லித் தருவார்கள்?"

அரங்கமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அப்பா மட்டும் மடியிலிருந்த என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார். பரிசு, ராணி வேடமிட்டவளுக்குப் போனது.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வந்து, பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"நல்லா யோசிச்சீங்களா?" என்றாள் அம்மா.

"யோசிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, என் கணக்குப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்.

ஜீப் கைவிட்டுப் போன ஆத்திரம் எனக்கு. கணக்கை முடித்த கையோடு எதிர்வீட்டுக்கு ஓடி, காக்கிமாவிடம் பொருமித் தீர்த்தேன். அந்த நீதிபதியாவது மாதக்கணக்கில் குதிரையில் போக வேண்டியிருந்தது, அப்பாவுக்கு ஒரு ராத்திரி ரயில்தானே, அதற்கே பயந்துவிட்டாரே என்று.