வெறும் வயிறும் இரண்டு டீயும்

போன ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்கானூரணியிலிருந்து மதுரை ஆரப்பாளையம் போய் வந்தேன். முக்கால் மணி நேரப் பயணம்தான். காரணம் பெரியது. முந்தின வாரம் டாக்டர், "சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது, மாத்திரை போதாது, இனி ஊசிதான்" என்று சொல்லிவிட்டார். எனக்கு எழுத்தும் படிக்கத் தெரியாது, எண்ணும் படிக்கத் தெரியாது. ஊசிக் குழாயில் கோடு பார்த்து மருந்து ஏற்றுவது யார்? வீட்டில் நானும் மனைவியும்தான், அவளுக்குக் கண்புரை. (இதையே கோயம்புத்தூரிலிருக்கும் மருமகள், நான் போனில் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.)

காலை எட்டேகால் பஸ். டிக்கெட் பதினைந்து ரூபாய்.

"எங்க பெரியப்பா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார் கண்டக்டர்.

"வக்கீலப் பாக்கப் போறேன்."

"எம்புட்டு ஏக்கர் கேஸு?"

"சர்க்கரைக் கேஸுப்பா."

இருபது வருடத்துக்கு முன் என் மச்சினனின் நிலத் தகராறில் அந்த வக்கீலம்மா சாட்சிகளைக் குடைந்ததை நேரில் பார்த்தவன் நான். இப்போது கோர்ட்டை விட்டுவிட்டு உடல்நலம் பற்றிப் புத்தகம் எழுதுகிறார், டிவி நிகழ்ச்சி தயாரிக்கிறார். அன்று பத்து மணிக்குச் சர்க்கரை நோய் பற்றி அவர் பேசும் கூட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. அனுமதி இலவசம். முழங்கால் வலி உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள், படி செங்குத்து.

பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார். எழுந்தேன்.

"கோடு பாக்காம ஊசி போட வழி இருக்காம்மா?"

"அதுக்கு முன்னாடி, டெஸ்ட் எடுத்த அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்கய்யா. வெறும் வயித்தோட போனீங்களா?"

"ஒரு இட்லி கூடத் திங்கலம்மா."

"குடிச்சது?"

"டீ மட்டும்."

"எத்தனை?"

"ரெண்டு. ரெண்டாவதுல சீனி தூக்கலா இருந்துச்சு."

"அதுக்கு முந்தின டெஸ்டுக்கு?"

"அன்னைக்கு ஒன்னுதாம்மா. பஸ் வந்துருச்சு."

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "டீ சாப்பிட வாங்கன்னுதானே கூப்பிடுறோம் மாமா, அப்ப அது சாப்பாடு இல்லையா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் டீ யார் வயிற்றுக் கணக்கிலும் சேராது.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "நான் டாக்டர் இல்லைங்கய்யா. மாத்திரையை நிறுத்தாதீங்க. அந்த ரெண்டு டீயையும் டாக்டர்கிட்டச் சொல்லிட்டு, வெறும் தண்ணி குடிச்சிட்டு மறுபடி பாருங்க. அப்பவும் ஊசின்னா போட்டுத்தான் ஆகணும். சொடுக்குச் சத்தத்தை எண்ணிப் போடுற பேனா ஊசி இருக்கு, கேளுங்க" என்றார். வாயால் எண்ணத் தெரியும் எனக்கு, எழுதியிருந்தால்தான் படிக்கத் தெரியாது. அப்போதே பாதி பயம் போய்விட்டது.

டாக்டரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொரு தரம் சோதிக்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இரத்தம் கொடுக்கும் இடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே நின்று, "யாராச்சும் டீ குடிச்சிட்டு வந்தீகளா?" என்று கேட்டேன். மூன்று பேர் எழுந்து போனார்கள்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு டாக்டர், "ஊசி இப்ப வேணாம். மாத்திரையே போதும், அடுத்த மாசம் வாங்க" என்றார்.

இப்படிப் போகிறவர்களுக்கு: எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சோதனைக்குப் போகும் வழியில் டீக்கடை கூப்பிடும். இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உட்காருங்கள். நான் அப்படித்தான் சீனியில்லாமல் ஒன்று வாங்கிக் குடித்தேன். பாதி டம்ளருக்கு மேல் பழகிவிட்டது.