ரூட்டுக்கு வெளியே

கல்யாணமாகி, உத்திரமேரூர் பக்கத்தில் உள்ள பெருநகர் கிராமத்துக்கு வந்த முதல் வாரம், மாலையில் காபி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். என் கணவரும் அவருடைய தங்கையும் ஒரு தாளின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். ஸ்கொயர் ரூட் கணக்கு: ரூட்டுக்குள் ஐம்பது எக்ஸ் ஸ்கொயர். அவர் விடையை எழுதி முடித்ததும் நாத்தனார் கத்தினாள்: “குச்சி எங்கண்ணா? குச்சியே போடல!” இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காபியை வைத்துவிட்டு நின்றேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாத்தனார் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உத்திரமேரூரில் செல்போன் கடை வைத்திருந்த என் கணவர், வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் அவளோடு கணக்குக்கு உட்கார்ந்துவிடுவார். பொறாமை என்றால் வேறொரு பெண்ணைப் பார்த்து வருவது என்றுதான் நினைத்திருந்தேன். கூடப்பிறந்த தங்கையைப் பார்த்து வந்தால் அதை யாரிடம் சொல்வது? என்னிடம் அவர் அன்பாகத்தான் இருந்தார். ஆனால் அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை.

பள்ளியில் கணக்கை வெறுத்தவள் நான். ஆனாலும் ஆளில்லாத நேரங்களில் அவள் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஐம்பதை இருபத்தைந்தும் இரண்டுமாகப் பிரிக்க வேண்டும். இருபத்தைந்து ஐந்தாகி வெளியே வரும். இரண்டு உள்ளேயே தங்கிவிடும். எக்ஸ் ஸ்கொயரும் எக்ஸாகி வெளியே வரும். அந்த எக்ஸ் மைனஸாகவும் இருக்கலாம். விடை மைனஸாகிவிடாமல் இருக்க அதன் இருபுறமும் ஒவ்வொரு கோடு நிறுத்த வேண்டும். அதுதான் அவர்களுடைய குச்சி. புரிந்த அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கா இத்தனை சிரிப்பு என்று எரிச்சல்தான் வந்தது.

ஒருநாள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த கணக்குக்குச் சமையலறையிலிருந்தே விடை சொன்னேன், குச்சியோடு சேர்த்து.

“இன்னா அண்ணி, உனுக்கு எப்டித் தெரியும்?” நாத்தனார் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் உட்காரவைத்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விடையைக் கேட்டதுமே தன் இடத்தில் பாதியைத் தூக்கிக் கொடுக்க முடிகிறதென்றால், அந்த இடம் அவளுக்கு எவ்வளவு சொந்தமாக இருந்திருக்க வேண்டும்!

அவளுக்கு வேலை கிடைத்துச் சேலத்துக்குப் போன அன்று மாலை, நானே தாளை விரித்தேன். “இன்னாங்க, ஒரு கணக்கு குடுங்க.” கொடுத்தார். போட்டுக் காட்டினேன். “கரெக்டா கீதே!” என்று வியந்தவர், உடனே அதைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். பதில் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததும் அவரிடமிருந்து அதே சிரிப்பு.

“இன்னா சொல்லுதாம்?”

“ஒண்ணுமில்ல. எங்களோட பழைய ஜோக்கு. சொன்னா உனுக்குப் புரியாது.”

பென்சிலை நான் கீழே வைக்கவில்லை.

“இன்னொண்ணு குடுங்க,” என்றேன். “இந்த தபா கஷ்டமானதா.”