ஆற்றோரப் பாதையும் ஒரு பாக்கெட் பாலும்

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில், தொழிற்சாலை ஒன்றில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தே என் பாதி வயது போனது. நகக்கண் அளவு கம்ப்யூட்டர் சில்லுகளைப் பார்த்து, கீறல் இருக்கிறதா, தூசி ஒட்டியிருக்கிறதா என்று சொல்வதுதான் வேலை. நல்லது என்று நம்பிப் பார்க்கக் கூடாது, கெட்டது என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும். அங்கே அதுதான் பாலபாடம். ரிட்டயர் ஆன பிறகும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. மீன்காரன் தராசு, மருமகன் சிரிப்பு, எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார் என்றால் அவர் தைரியத்தை என்னவென்று சொல்ல!

அந்த மனுஷன் என் வீட்டுக்காரர்தான். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், எங்கள் மகள் கோலாலம்பூரிலிருந்து ஒரு சைக்கிள் வாங்கி அனுப்பினாள். கிராவல் பைக்காம். ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில் வளைந்திருந்தது, டயர் மட்டும் தடித்து முண்டும் முடிச்சுமாய் இருந்தது. நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். லோரி ஓடுகிற ஜாலான், அந்த மெயின் ரோட்டுப் பக்கமே போகக் கூடாது. இங்கே மண் லோரிக்காரன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு யானையே ஒதுங்கி நிற்க வேண்டும், சர்க்கரைக்காரர் எம்மாத்திரம்?

அவரும் தேடிப்பிடித்தார். டுரியான் துங்காலில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு செம்பனைத் தோட்டம் தொடங்குகிறது. கார் நுழையாமல் இருக்க வாசலில் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். சைக்கிளைத் தூக்கிச் சங்கிலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டால், ஆற்றை ஒட்டியே சரளைக்கல் பாதை நீளமாகப் போகிறது. "குரங்கு, உடும்ப விட்டா எதிர்ல ஒண்ணும் வராது லா" என்று சந்தோஷமாகச் சொன்னார். சில மாதங்கள் நானும் நிம்மதியாக இருந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது அவர் நகம். சைக்கிள் ஓட்டினவர் கையில் செயின் எண்ணெய் இருந்தால் நியாயம். இவர் நகக்கண்ணில் மண் இருந்தது. அடுத்து அவர் சட்டை. துவைக்கப் போடும்போது வேர்வை நாற்றத்துக்கு மேலே ஊதுபத்தி வாசம் அடித்தது.

"என்னங்க, ஆத்தோரத்துல யாரு ஊதுபத்தி கொளுத்துறா?" என்று கேட்டேன்.

"வழியில முனியாண்டி கோயில் இருக்கு. கும்பிட்டுட்டு வந்தேன்."

"கும்பிட்ட ஆளுக்கு நெத்தியில திருநீறு எங்க?"

"வேர்வையில போயிருக்கும் லா" என்று சொல்லிக்கொண்டே பாத்ரூமுக்குள் நுழைந்துவிட்டார். பதில் சொல்ல முடியாத போதெல்லாம் அவருக்குக் குளிக்க வந்துவிடும்.

முன்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னது என் தப்பு. அந்த அக்கா வாயில் எதைப் போட்டாலும் வெடிக்கும். "ஏம்மா, அறுபது வயசுல ஆம்பள சென்ட்டு வாசத்தோட வீட்டுக்கு வராருன்னா காத்து வாங்கவா போனாரு? நெருப்பில்லாம புகையுமா?" என்றார்.

"சென்ட்டு இல்லக்கா, ஊதுபத்தி."

"ஊதுபத்தி மட்டும் நெருப்பில்லாமலா புகையுது?"

அன்று இரவு அவர் போனில் மகள் போட்டுக் கொடுத்த சைக்கிள் ஆப்பைத் திறந்து பார்த்தேன். போன பாதையெல்லாம் சிவப்புக் கோடாக விழுந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கோடு ஆற்றோரமாகவே போகிறது, ஓர் இடத்தில் வலது பக்கம் திரும்புகிறது, அங்கே தையல் நூல் சிக்கினாற்போல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி முடிச்சு விழுந்திருக்கிறது. பிறகு நேரே வீடு. உடம்பை அசைக்கப் போனவர் பாதி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார். சரி, உட்காரட்டும். யாரோடு?

அதற்கும் மேலே ஒன்று வந்தது. ஒரு சனிக்கிழமை சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கும் பையைத் தடவினேன். உள்ளே ஒரு பால் பாக்கெட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உறிஞ்சிக் குடிப்பார்களே, ஸ்ட்ரா ஒட்டின சின்னப் பாக்கெட், அது. இவருக்குப் பால் ஒரு சொட்டு ஆகாது. கடைக்குப் போனாலும் பால் கலக்காத தே ஓ தவிர வேறு குடிக்க மாட்டார். அப்படியானால் பால் குடிக்கிறது யார்?

பொம்பளை என்றால்கூட நாலு கேள்வி கேட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசி, ஒரு வழி பண்ணிவிடலாம். பிள்ளை என்றால் என்ன செய்வேன்? எங்களுக்கு இந்த ஒரு மகள்தான். அவளுக்கு முன்னே ஒரு பையன் பிறந்து, மூன்றாம் நாளே தங்காமல் போய்விட்டான். ஆம்பளைப் பிள்ளை ஆசை இவருக்குள் இத்தனை வருஷமாகப் புகைந்துகொண்டிருந்ததோ? எங்கேயோ ஒருத்தி பெற்றுக் கொடுத்துவிட்டாளோ? பேரன் எடுக்கிற வயதில் என் குடித்தனம் நடுத்தெருவுக்கு வரப்போகிறதோ? ராத்திரி முழுக்க அவர் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கள்ளன் நன்றாகத்தான் தூங்கினார்.

மறுநாள் காலை அவர் கிளம்பிய கையோடு, மகளின் பழைய பள்ளிக்கூட சைக்கிளை வெளியே எடுத்தேன். முன்னால் கூடை வைத்த சைக்கிள். முந்தின நாள் அவர் முடிவெட்டப் போயிருந்தபோதே காற்று அடித்து வைத்திருந்தேன். பஞ்சாபி சூட்டும் தொப்பியுமாய் நான் மிதிப்பதைப் பார்த்து முன்வீட்டு அக்கா வாயைப் பிளந்தார். சங்கிலிக்கு மேலே சைக்கிளைத் தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது.

சரளையில் ஓட்டுவது தார் ரோட்டில் ஓட்டுவது போல் இல்லை. பிரேக் பிடித்தால் வழுக்குகிறது, பிடிக்காவிட்டால் பயமாக இருக்கிறது. இடது பக்கம் ஆறு தேத்தண்ணி நிறத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மலாய்க்காரப் பையன்கள் சைக்கிளில் கூட்டமாக வந்து, "பகி, ஆன்ட்டி!" என்று கும்பிடாத குறையாகக் காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள். அழகான பாதைதான், பொய் சொல்லக் கூடாது. அந்த அழகைப் பார்க்கிற நிலையில்தான் நான் இல்லை.

ராத்திரி மழை பெய்திருந்தது. கார், லோரி எதுவும் வராத பாதை என்பதால் டயர் தடம் கலையாமல் கிடந்தது. பையன்கள் கூட்டத்தின் தடம் ஆற்றோரமாக நேரே போனது. ஒரே ஒரு தடம், அந்த முண்டு முடிச்சு டயர், வலது பக்கம் செம்பனைக்குள் திரும்பியது. போனில் முடிச்சு விழுந்த இடம் இதுதான். கொஞ்ச தூரத்தில் துருப்பிடித்த பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று மரங்களுக்கு நடுவே நின்றது. அதைப் பார்த்ததும் இடம் புரிந்துவிட்டது. இது அவர் பிறந்து வளர்ந்த தோட்டம். கல்யாணமான புதிதில் நானும் இங்கேதான் குடியிருந்தேன். அப்போது மெயின் ரோட்டு வழியாக வருவோம், ஆற்றுப் பக்கம் எனக்குத் தெரியாது. தோட்டத் தொழிலாளர் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள், ஜனங்களும் டவுனுக்குப் போய்விட்டார்கள். ஓஹோ, பழைய தோட்டத்துப் பழக்கமா என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர் சைக்கிள் ஒரு முள்வேலியில் சாய்ந்திருந்தது. வேலிக்குள்ளே அவர் முதுகு தெரிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க அவ? வரச் சொல்லுங்க வெளிய!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கையில் ஒரு சின்ன அரிவாள், காலடியில் அறுத்துப் போட்ட லாலாங் புல். "நீ ஏன் புள்ள இங்க வந்த?" என்றார். "பொம்பளைங்க வரக் கூடாத எடம்."

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். சாய்ந்த சிமெண்டுக் கல்லறைகள், மண்மேடுகள். தோட்டத்துச் சுடுகாடு. அவருக்கு முன்னால் ஒரு வரிசை மட்டும் சின்னச் சின்ன மேடாக இருந்தது. கல் இல்லை, பெயர் இல்லை. ஊதுபத்தி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. பால் பாக்கெட் முனை கிழித்துத் தயாராக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு நான் மலாக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். பிள்ளையை எடுத்துப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, பெத்தவ கேக்கக் கூடாது, அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்று பெரியவர்கள் வாயை அடைத்தார்கள். மகள் பிறந்த பிறகும் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லாமல் போனது.

"இந்தப் பக்கமா சைக்கிள்ல வரலன்னா எனக்கும் நெனப்பு வந்திருக்காது" என்றார் அவர். "ஒரு நாள் தண்ணித் தொட்டியப் பாத்தேன். அதுக்கப்புறம் தாண்டிப் போக முடியல."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "பாவி மனுஷா! நான் என்னென்னமோ நெனச்சுச் செத்துக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான்தானே பெத்தேன்?"

அவர் குளிக்க ஓட இங்கே பாத்ரூமும் இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தேன். "சரி, சொல்லுங்க. நம்ம புள்ள எது?"

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "இதுக்குத்தான் சொல்லல. வந்தா நீ எதுன்னு கேப்ப." வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க அப்பாதான் தூக்கிட்டுப் போனாரு. என்னைய வேலிகிட்டயே நிறுத்திட்டாரு. சின்னதுங்க எல்லாம் இந்த வரிசைன்னு மட்டும்தான் தெரியும். எதுன்னு தெரியல, புள்ள. அதான் எல்லாத்தையும் சுத்தம் பண்றேன். பாலயும் எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்துறேன்."

முடியளவு கீறலைக் கண்டுபிடித்த கண் இது. வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு மேடாகக் குனிந்து, இரண்டு தடவை பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய லாலாங்கைப் பிடுங்கத் தொடங்கினேன். பிறகு அந்தப் பால் பாக்கெட்டை எடுத்து ஆட்டிப் பார்த்தேன்.

"என்னங்க நீங்க, இத்தன புள்ளைக்கு இது எப்படிப் பத்தும்?" என்றேன்.