திரைக்கு மேலே ஒரு பார்வை

நான் அறுவை சிகிச்சை செய்பவள். கண்ணால் பார்க்காததைக் கேஸ் ஷீட்டில் எழுதமாட்டேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

குடல்வால் வெடித்து ஒரு தையல்காரப் பெண் வந்தாள். வயிறு கல்லாக இறுகியிருந்தது. அவளுக்கு எச்.ஐ.வி. அந்த ஒரு சொல் ஆபரேஷன் தியேட்டரைக் காலி செய்தது. ஒரு நர்ஸுக்குத் திடீர்க் காய்ச்சல். இன்னொருத்தி கழிவறைக்குப் போனவள் போனவள்தான்.

"வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க டாக்டர்" என்றார் தலைமை நர்ஸ்.

"வழியிலேயே செத்துடுவா சிஸ்டர்."

மயக்க டாக்டர் மட்டும் வந்தார். 'தாலாட்டு' என்போம். ஆளைத் தூங்கவைக்கும் முன் சிரிக்கவைப்பவர். அன்று ஒரு ஜோக்கும் இல்லை.

"உதவிக்கு ஆள் இல்ல சார்."

"ஆரம்பிம்மா. வருவாங்க."

"யாரு?"

அவர் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நடுவில் பச்சைத் திரை.

தோலைக் கீறியபோது எதிரில் ஒருத்தி நின்றாள். முகக்கவசம், கையுறை, எல்லாம் சரி. புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. யாரோ மனம் மாறி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

குத்திவிடக் கூடாதென்று கத்தி, ஊசி எதையும் கைக்குக் கை தரமாட்டோம். நடுவே ஒரு தட்டில் வைப்போம், எடுப்போம். அவளும் வைத்தாள். டிங். நான் கேட்கும் முன்பே வைத்தாள். டிங்.

"நல்லவேளை வந்தீங்க சிஸ்டர். எனக்கு நாலு கையா இருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. வயிற்றையும் பார்க்கவில்லை. திரைக்கு மேலாகத் தாலாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கவனித்தேன்... மூச்சு விட்டால் முகக்கவசம் அசையும். அவளுடையது அசையவில்லை.

டிங்.

"சார்..."

"தையலப் போடு. நிமிராதே."



டிங்.

கடைசி முடிச்சு.

நிமிர்ந்தேன்.

யாருமில்லை.

தையல்காரப் பெண் பிழைத்தாள்.

வெளியே தலைமை நர்ஸிடம் கேட்டேன். "நான் யாரையும் உள்ள அனுப்பலையே?" என்றார். உதவிக்கு நின்றவளின் புருவத்திலிருந்த வெட்டுத் தழும்பைச் சொன்னேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க வேலை பார்த்தவதான். நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தி அவளுக்கும் எச்.ஐ.வி. வந்துச்சு. அப்புறம் இதே மாதிரி குடல்வால் வெடிச்சு, இதே டேபிள்ல படுத்துக் கெடந்தே செத்தா. மயக்கம் கொடுக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு."

"யாரு?"

அவர் குழாயடியைப் பார்த்தார். தாலாட்டு கைகழுவிக்கொண்டிருந்தார். நிறுத்தவேயில்லை.

"எனக்கு இன்னிக்கு லீவும்மா" என்றார், திரும்பாமல். "வீட்டுக்குப் போன் வந்துச்சு... அவ குரல். 'இந்தத் தடவையாவது வாங்க சார்'னா."