சேலையின் மறுமுனை

கொட்டகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்றால் ஜோசப்பின்தான். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக இருபத்திரண்டு வருடம் இருந்தாள். தனுஜாவும் அவள் மடியில் கிடந்து வளர்ந்தவள்தான். அந்தத் தனுஜாதான் அவளைக் கம்பி எண்ண வைத்தாள்.

தனுஜாவின் மூன்று மாத ஆண்குழந்தை ஒருநாள் விடிந்ததிலிருந்து பால் குடிக்காமல் வீரிட்டு அழுதது. உடம்பு சுளுக்கி உரம் விழுந்திருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். மலையகத்தில் யார் வீட்டில்தான் உரம் எடுக்கவில்லை? சேலையில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இரண்டு பக்கமும் மெதுவாக உருட்டுவார்கள். ஒரு முனையை ஜோசப்பின் பிடித்தாள், மறுமுனையைத் தனுஜா பிடித்தாள். பிறகு தனுஜா மலைக்குப் போய்விட்டாள். மத்தியானம் குழந்தைக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்துபோனது.

மூளையில் இரத்தம் கசிந்திருக்கிறது, யாரோ பலமாகக் குலுக்கியிருக்கிறார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஜோசப்பினுக்கு ஒளிக்கத் தெரியாது. உரம் எடுத்ததையும், கூடப் பிடித்தது யார் என்பதையும் பொலிஸிலும், பிறகு கோர்ட்டிலும் அப்படியே சொன்னாள். தனுஜா கோர்ட்டில் ஏறி, குழந்தையைக் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஜோசப்பினுக்கு ஆறு வருடம் தீர்ப்பானது.

மூன்றாம் வருடம் தனுஜாவின் அடுத்த மகனுக்கு ஊசி போட்ட இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. பிறவியிலேயே இரத்தம் உறையாத நோய் என்று கண்டியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அதைக் கேள்விப்பட்டதும் ஜோசப்பினின் தம்பி லியனார்ட் வக்கீலிடம் ஓடினான். மூத்ததற்கும் இதே நோய் இருந்திருக்கலாம், குலுக்காமலே கசிந்திருக்கலாம் என்றார் புது டாக்டர். பழையவர் தன் பிடியை விடவில்லை. சந்தேகம் இருக்கிறது என்று மேன்முறையீட்டில் அவளை விடுவித்தார்கள். அதற்குள் மூன்று வருடமும் போயிருந்தது, காம்பரா வேலையும் போயிருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு அவள் திரும்பி வந்த மறுநாள் தனுஜா வந்து வாசலில் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஜோசப்பினுக்கு மனம் இளகியது. பாவி மனம், அவளை அப்போதும் பிள்ளையாகத்தான் பார்த்தது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணிகூட ஊற்றிக் கொடுத்தாள்.

"ஆயம்மா, அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே, உங்க மேல தப்பில்லன்னு," என்றாள் தனுஜா. "நான் அந்தப் பக்கம் புடிச்சத மட்டும் லயத்துல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

ஜோசப்பின் தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சிறையில்கூட அவள் இப்படி நொறுங்கியதில்லை.

"கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொன்னேன், ஒருத்தரும் நம்பல," என்றாள். "இனிமே லயத்துல சொன்னா மட்டும் நம்பவா போறாங்க? பயப்படாமப் போ."